பன்னிரண்டாவது ஆள்

அன்புள்ள ரோண்டாவுக்கு,

அம்மா எழுதுவது. அந்த அலாஸ்காக் குளிரில் நீயும் உன் வகுப்புப் பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதினால் அது பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை, அவ்வளவுதான். போன கடிதத்தில் பனி, கோழி, சர்ச் விருந்து என்று பக்கத்தை நிரப்பி அனுப்பினேன், சித்தப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று நீ கேட்டு எழுதியிருந்தாய். வேண்டுமென்றேதான் விட்டேன். சரியான பிறகு சிரித்துக்கொண்டே எழுதலாம் என்று பார்த்தேன். சரியாகவில்லை, ரோண்டா. உன் டுவெய்ன் சித்தப்பாவும் ஜானிஸ் சித்தியும் போன வியாழக்கிழமை ஊரை விட்டே போய்விட்டார்கள். உன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. இனிமேல் நெப்ராஸ்காவில் சித்தியின் அண்ணன் பண்ணையில்தான் இருப்பார்களாம்.

அணை விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். நீ காலேஜில் இருக்கும்போதே அரசாங்க இன்ஜினியர்கள் வந்து ஆற்றோரமாகக் கொடி நட்டுவிட்டுப் போனார்கள், ஏரி வந்தால் சித்தப்பாவின் பள்ளத்து நிலம், வீடு, தொழுவம் எல்லாம் தண்ணீருக்கு அடியில், நாம் மேட்டில் இருப்பதால் நமக்கு ஒரு கூடை மண்கூடப் போகாது. அந்தப் பேச்சு அது பாட்டுக்குத் தூங்கிக் கிடந்தது. இந்தத் தேர்தல்தான் வந்து எழுப்பிவிட்டது. ஜனாதிபதி ஆக ஆசைப்படுகிறவர்கள் நாலு வருஷத்துக்கு ஒரு தரம் நம் அயோவாக்காரர்களைத் தேடி வருவது புதிதா என்ன, இந்தத் தடவை செனட்டர் விட்காம் நேராகச் சித்தப்பா தொழுவத்துக்கே வந்துவிட்டார். நல்ல ஷூவோடு சாணியில் நின்று, சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு, நான் ஜெயித்தால் இந்த அணையை நிறுத்துவேன் என்று சொன்னார். பிறந்ததிலிருந்து ஒரு கட்சிக் கூட்டத்துக்கும் போகாத மனுஷன் உன் சித்தப்பா, 'எல்லாரும் ஒரே தொட்டில தண்ணி குடிக்கிறவனுங்கதான்' என்று பேசிக்கொண்டிருந்தவர், அன்று முதல் தொப்பியில் விட்காம் பேர் போட்ட பிரசார பட்டனைக் குத்திக்கொண்டு திரிந்தார். மாடு கறக்கும்போதுகூடக் கழற்றவில்லை என்று ஜானிஸ் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

உன் அப்பாவுக்கோ நம் கட்சியிலேயே விட்காமோடு போட்டியிட்ட கவர்னர் லேத்ரப். காரணம் நீ சின்ன வயதிலிருந்து கேட்டுச் சலித்த அதே காரணம்தான், நவம்பரில் அந்தப் பக்கத்துக் கட்சியை ஜெயிக்கக்கூடிய ஆள் அவர்தானாம். விட்காம் நல்ல மனுஷன்தான், ஆனால் 'நல்லவனா பாத்துப் பாத்து நிறுத்தித் தோத்ததுதான் நம்ம கட்சிக்கு மிச்சம்' என்பார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் தினுசு தினுசாக வாக்குவாதம். உங்க கவர்னர் அணையப் பத்தி வாயத் திறந்தாரா அண்ணே என்று சித்தப்பா கேட்பார். ஆராய்ந்து முடிவெடுப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்று அப்பா சொல்வார். 'ஆராயட்டும், நல்லா முங்கி முங்கி ஆராயட்டும், எங்க வீட்டுக் கூரை மேல நின்னு நான் பாத்துக்கிட்டிருக்கேன்' என்பார் சித்தப்பா. அப்பாவே சிரித்துவிடுவார். உருளைக்கிழங்குப் பாத்திரம் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தது. சண்டை என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நான் விட்காம் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கொழுந்தன் வீடு முழுகுகிறது, நான் வேறு எந்தப் பக்கம் நிற்பேன்.

கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் காக்கஸ் கூட்டத்தன்று ராத்திரி பள்ளிக்கூட ஜிம்மில் எண்பது பேர். வழக்கம்போல் அப்பாதான் தலைவர், அதே சுத்தியல், அதே மூக்குக் கண்ணாடி. நீ இருந்தபோது நடந்த மாதிரியேதான், சீட்டு கிடையாது, பெட்டி கிடையாது, யாருக்கு யாரைப் பிடிக்கிறதோ அவர் மூலையில் போய் ஊரறிய நிற்க வேண்டியது, நூற்றுக்குப் பதினைந்து பேராவது இல்லாத மூலை செல்லாது. எண்பதுக்குப் பன்னிரண்டு. கவர்னர் மூலையில் முக்கால் ஜிம் நின்றது. எங்கள் மூலையில் சித்தப்பாவைச் சேர்த்துச் சரியாகப் பன்னிரண்டு பேர். எங்கள் மூலையிலேயே நின்ற எல்மர் கூப்ஸ் என்னைப் பார்த்து, 'என்ன ஆர்டிஸ், வீட்டுக்காரர் அந்த மூலை, நீ இந்த மூலை, கட்டில்ல நடுவுல யாரு படுக்கிறது' என்று கத்தினான், ஜிம்மே சிரித்தது. சித்தப்பா முகம் எப்படி இருந்தது தெரியுமா. கண்காட்சியில் அவர் கன்றுக்குட்டிக்கு முதல் பரிசு நீல ரிப்பன் கிடைத்ததே, அன்று பார்த்த முகம். எண்ணி முடித்ததும் அப்பா பன்னிரண்டு, விட்காம் செல்லும் என்று சத்தமாகச் சொல்லி எழுதிக்கொண்டார்.

அங்கேதான் பிசகு நடந்தது. மூன்றாவது ஆளுக்கு நின்ற கூட்டம் போதாமல் கலைந்தது, அவர்களை இழுக்க அரை மணி நேரம், அதற்குப் பிறகு மறுபடியும் எண்ணுவார்கள். அந்த இரண்டாவது எண்ணிக்கைதான் கணக்கு. நமக்கெல்லாம் அது பழகிப்போன விஷயம், சித்தப்பாவுக்கு இது முதல் காக்கஸ். மாட்டை ஒரு தடவை எண்ணிக் கொட்டிலில் அடைத்தால் அடைத்ததுதானே. அவருடைய கிடாரி ஒன்று முதல் கன்றுக்கு அன்று காலையிலிருந்து முக்கிக்கொண்டிருந்தது. எண்ணியாகிவிட்டது என்று நினைத்து ஒருத்தரிடமும் சொல்லாமல் பின் கதவு வழியாக வீட்டுக்குப் போய்விட்டார். நான் கலைந்த கூட்டத்தைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. அந்தக் கூட்டத்திலிருந்து வில்மா டிர்க்ஸ் மட்டும் வந்திருந்தால் போதும். அவளோ, 'உங்க மூலைல உக்கார பெஞ்சு இல்லடி, என் முட்டி தாங்காது' என்று சொல்லிவிட்டுக் கவர்னர் பக்கம் போய்ச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். நாட்டின் தலையெழுத்து வில்மாவின் முட்டியில் இருந்தது.

மறுபடி எண்ணினால் பதினொன்று. டுவெய்ன் எங்கே, டுவெய்ன் எங்கே என்று கழிப்பறை வரைக்கும் தேடினோம். ஆபீஸ் ரூம் போனில் கூப்பிட்டால் ஜானிஸ் சொன்னாள், 'அவரு தோள் வரைக்கும் கைய மாட்டுக்குள்ள விட்டுக்கிட்டு நிக்கிறாரு, இப்ப எப்படி வர்றது.' அப்போது எல்லோரும் உன் அப்பாவைத்தான் பார்த்தார்கள். கவர்னர் பக்கம் ஒருத்தர் குறைந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. தலைவரும் எந்த மூலையில் வேண்டுமானாலும் நிற்கலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. நான் எல்லோர் முன்னாலும், ஹார்லன், நாலு எட்டு வெச்சு இந்தப் பக்கம் வாங்க, உங்க தம்பி நின்ன இடம் காலியா இருக்கு என்று கேட்டேன். வாயைத் திறந்து கேட்டேன் ரோண்டா. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். பதினொன்று, விட்காம் செல்லாது என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டினார். எங்கள் ஆட்கள் சிலர் கவர்னர் பக்கம் போனார்கள், நான் எங்கேயும் போகாமல் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றேன்.

எல்லாம் முடிந்து நாற்காலி மடக்கிக்கொண்டிருக்கும்போது சித்தப்பா ஓடி வந்தார். சட்டைக் கையெல்லாம் ரத்தமும் ஈரமும், முகம் கொள்ளாத சிரிப்பு. 'பொட்டைக் கன்னு அண்ணி, தாயும் புள்ளையும் சுகம், என்ன, ஜெயிச்சோமா' என்றார். எல்மர்தான் சொன்னான், அவனுக்குத்தான் நாக்கு நிற்காதே, 'உங்க அண்ணன் நாலு எட்டு வெச்சிருந்தா ஜெயிச்சிருப்போம்.' சித்தப்பா முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்து நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். தொப்பியிலிருந்து பட்டனைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுச் சித்தப்பா போய்விட்டார், கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார்.

காரில் நான் விடவில்லை. அப்பா சொன்ன நியாயத்தையும் எழுதுகிறேன், நாளைக்கு அம்மா ஒருபக்கமாக எழுதினாள் என்று வரக்கூடாது. 'விட்காம் ஜெயிக்க மாட்டான் ஆர்டிஸ், ஜெயிச்சாலும் அணைய நிறுத்த மாட்டான், டுவெய்னுக்கு இல்லாத ஆசையக் காட்டி நானும் சேந்து ஏமாத்தணுமா, தலைவரா உக்காந்தவன் தம்பிக்குன்னு நடந்து போனா அப்புறம் எவன் என் எண்ணிக்கைய நம்புவான்.' அத்தனையும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். விட்காம் பக்கத்துல உங்கள யாரு நிக்கச் சொன்னா, டுவெய்ன் பக்கத்துலதானே நிக்கச் சொன்னேன் என்று கேட்டேன்.

மறுநாள் நான் கேக் செய்து எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. காபி ஊற்றிக் கொடுத்தார். 'அணைக்காரன் என் நெலத்த எடுத்தா அவன் யாரோ அண்ணி, சம்பளத்துக்கு வந்தவன், அவனோட சண்ட போடுவேன், அதுக்குத் தெம்பு இருக்கு. எங்க அண்ணனுக்கே நான் நாலு எட்டுக்கு ஆகலன்னா எதுக்குச் சண்ட போடணும்' என்றார். ஊரிலும் வாய் சும்மா இருக்கவில்லை. ஏரி வந்தால் மேட்டு நிலத்துக்காரருக்குக் கரையோர வீடு, நிலத்துக்கு விலை ஏறும், அதனால்தான் ஹார்லன் நகரவில்லை என்று காபிக் கடையில் பேசினார்களாம். உன் அப்பாவை எனக்குத் தெரியும், அது அவர் புத்தியிலேயே இல்லாத விஷயம், கர்த்தருக்கும் தெரியும். சித்தப்பாவுக்கும் தெரியும் என்றுதான் நம்புகிறேன். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பா மூன்று தரம் வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வாசல் ரோடு வரைக்கும் போனார், உள்ளே திருப்பாமல் வந்துவிட்டார். இறங்கிப் போங்களேன் என்றால், 'போய் என்ன சொல்றது, நான் சொன்னதுல எது தப்புன்னு சொல்லு, அத மாத்திச் சொல்றேன்' என்கிறார். தப்பே இல்லாத மனுஷனோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குக் கல்யாணம் ஆனால் தெரியும்.

இதற்கு நடுவில் அந்தச் செனட்டர் செய்ததைக் கேள். அடுத்த இரண்டு மாநிலத்தில் மண்ணைக் கவ்வியதும் போட்டியிலிருந்து விலகுகிறேன் என்றார். விலகினால் பேசாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே. கவர்னர் லேத்ரப்போடு மேடையில் ஏறி, தோளில் கை போட்டுக்கொண்டு, என் அருமை நண்பர், நம் கட்சியில் பிளவே கிடையாது என்று டிவியில் ஈ என்று சிரித்தார். அணையைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. அப்பா எழுந்து போய் டிவியை அணைத்தார். நான் சொன்னேன் பார் என்று சொல்வார் என்று நினைத்து வாயில் சூடாக ஒரு பதிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் நேரே படுக்கப் போய்விட்டார். அந்த இரண்டு பேரும் அவ்வளவு சுலபமாகக் கட்டிக்கொண்டார்களே என்று நான்தான் இருட்டில் அழுதேன். அந்த வாரமே சித்தப்பா அணைக்காரர்களுக்கு நிலத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆற்றோரத்தில் கடைசி வரைக்கும் போடமாட்டேன் என்று நின்றவர் அவர்தான். அவர் போட்டதும் மற்றவர்களும் போட்டுவிட்டார்கள்.

போன வியாழக்கிழமை காலையில் என்னிடம் மட்டும் வந்து சொல்லிக்கொண்டார்கள், அப்பா பின்பக்கம் கொட்டிலில் இருக்கும்போது. ஜானிஸ் என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அவர்கள் வீட்டுக்குத் திரும்பிச் சாமான் வண்டியோடு மறுபடி இந்த வழியாகத்தான் போக வேண்டும். அப்பாவுக்கு எப்படித் தெரிந்ததோ, நான் சொல்லவில்லை, ரோட்டில் தபால் பெட்டி பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அன்றைக்குத் தபால் வருகிற நேரமே இல்லை. நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். நம் ரோட்டில் ஒரு வண்டி போனால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லாமல் யாராவது போவார்களா, ஊர் பேர் தெரியாதவனுக்கும் தூக்குவோம், அந்தப் பக்கத்துக் கட்சிக்காரனுக்கும் தூக்குவோம். வண்டி பக்கத்தில் வந்தபோது அப்பா விரல் இல்லை, முழுக் கையையும் தூக்கினார். சித்தப்பா இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் அப்படியே வைத்துக்கொண்டு நேரே பார்த்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வண்டி மேடு ஏறி மறைந்த பிறகும் உன் அப்பா கையை இறக்கவில்லை. நான் போய்த்தான் இறக்கிவிட்டேன், உள்ளே அழைத்து வந்தேன். காபி கொடுத்தேன், குடிக்கவில்லை. 'ஆர்டிஸ், அந்த நாலு எட்டு நான் நடந்திருக்கணும்' என்றார். அதை உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள் என்று சொல்ல வாய் வந்தது, யாரிடம் போய்ச் சொல்வது.

சித்தியின் புது விலாசத்தைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன், இரண்டு வரி எழுதிப் போடு, அப்பா எழுதச் சொன்னதாக மட்டும் எழுதாதே. கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், வேளா வேளைக்குச் சாப்பிடு, ஈரச் சாக்ஸோடு வகுப்பில் நிற்காதே. அங்கேயும் இதே மாதிரி கட்சிக் கூட்டம் வரும் என்று எழுதியிருந்தாய். போ, போகாமல் இருக்காதே, அப்படி உன்னை நாங்கள் வளர்க்கவில்லை. எந்தப் பக்கம் நின்றாய் என்பதை மட்டும் எனக்கும் எழுதாதே, அப்பாவுக்கும் எழுதாதே. எங்களுக்கு இருப்பது நீ ஒருத்திதான்.

உன் மேல் உயிராக இருக்கும்
அம்மா
ஆர்டிஸ் ஃபோல்கர்ட்ஸ்