ரேடியோவுக்கு ஒரு பள்ளிக்கூடம்

ஏப்ரல் 6, ஞாயிறு

தங்கை எட்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். அவள் பள்ளி எட்டோடு சரி. இனி இரண்டே வழிதான். ஒன்று நான் படித்த பெண்கள் பள்ளி, தெருமுனையிலேயே இருக்கிறது. இன்னொன்று பாலத்துக்கு அந்தப் பக்கம், ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற பள்ளி.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "எங்க சேக்கலாம், நீ சொல்லும்மா. இந்த வீட்டுல காலேஜ் வாசல் மிதிச்சவ நீதான்." கை நகங்களில் இன்னும் பெயின்ட். அவர் யாரிடமும் யோசனை கேட்டு நான் பார்த்ததில்லை. பெருமையில் எனக்குப் பேச்சு வரவில்லை. மற்ற நாளில் மட்டும் வருகிறதா என்ன?

"என்னையும் ஒரு வார்த்தை கேளுங்கப்பா" என்றாள் ரேடியோ. தங்கைக்கு வீட்டில் அதுதான் பெயர். அணைக்க முடியாது.

"உன்னை ஒரு வார்த்தை கேட்டா ஒன்பது வரும், சும்மா இரு" என்றாள் அம்மா.

ஏப்ரல் 9

பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஏன் என்று அப்பா கேட்பாரே.

ஏப்ரல் 10

இங்கேயாவது எழுதிப் பார்க்கிறேன்.

பெண்கள் பள்ளி, பெண்கள் கல்லூரி, பிறகு நேரே பம்புத் தொழிற்சாலை. பரிசோதனைப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். காலைக் கூட்டத்தில் இதுவரை வாய் திறந்ததில்லை. போன வாரம் ஒரு பம்பில் கசிவை முதலில் பார்த்தது நான்தான். பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லட்டும் என்று நின்றேன். சொன்னார். பாராட்டும் அவருக்கே போனது. மத்தியானம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவேன்.

வீட்டில் இது எதுவும் தெரியாது. நான் பட்டம் வாங்கிய படத்தை அப்பா தன் பிரஷ் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். வேலைக்குப் போகிற வீட்டில் மூடியை நன்றாகத் திறந்து வைப்பாராம். யாராவது "இது யாரு?" என்று கேட்டால் மட்டும் சொல்வாராம்.

ரேடியோ என்னைப் போல ஆகிவிடக் கூடாது. பையன்கள் நடுவில் இருந்து பழகட்டும். இதைச் சொல்ல வேண்டுமென்றால் மாடிப்படியையும் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த மூடியை அப்பா எப்படித் திறப்பார்?

ஏப்ரல் 13, ஞாயிறு

அத்தை வந்திருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். விஷயம் எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது.

"வயசுப் பொண்ணைக் கொண்டுபோய்ப் பசங்க நடுவுல உக்கார வைப்பியா? அந்த ஸ்கூல் பசங்க எப்படின்னு தெரியுமாடா உனக்கு?"

"அத்தை, அங்க உங்க பையன்தானே படிக்கிறான். அவனையா சொல்றீங்க?" என்றாள் ரேடியோ.

அத்தை தண்ணீர் கேட்டாள். அம்மா அவசரமாகச் சமையலறைக்குள் போனாள், சிரிப்பதற்கு.

ஆனால் அத்தை விடுகிற ஆள் இல்லை. என் பக்கம் திரும்பிவிட்டாள். "இதோ, பெரியவளைப் பாரு. அந்தப் பொம்பளப் புள்ளைங்க ஸ்கூல்லதான படிச்சா. எவ்வளவு அடக்கம், எவ்வளவு பெரிய வேலை. இவளுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

அப்பா தலையாட்டினார். என்னையே காட்டி என் வாயை அடைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 15

இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 17

குழம்பிப் போயிருக்கிறேன்.

பரிசோதனைத் தொட்டியின் பெரிய வால்வு இறுகிவிட்டது. வழக்கமாகத் திறப்பவர் விடுப்பு. இரண்டு பேர் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் வரட்டும் என்று நின்றார்கள். நான் யோசிக்கவே இல்லை. மூலையில் கிடந்த குழாய்த் துண்டை எடுத்து ரெஞ்ச்சின் பிடியில் செருகி, தள்ளி நின்று அழுத்தினேன். பிடி நீளமானால் பலம் அதிகம் வேண்டாம். வால்வு முனகிக்கொண்டே திறந்தது.

சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை எங்கம்மா கத்துக்கிட்ட?"

"ஸ்கூல்ல சார்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பள்ளி மோட்டார் அறை வால்வு எப்போதும் இறுகும். யாராவது பையனைக் கூப்பிடு என்று சொல்ல அங்கே பையனே கிடையாது. பெஞ்சு தூக்கியது, ஏணி பிடித்தது, பல்பு மாட்டியது எல்லாம் நாங்கள்தான். அந்தப் பள்ளியையா இத்தனை நாளாகத் திட்டிக்கொண்டிருந்தேன்? அப்படியானால் என் வாயை யார் பூட்டினார்கள்?

ஏப்ரல் 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அப்பா பின்பக்கக் குழாயடியில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். மாடிப்படி, கூட்டம், கசிவு, வால்வு எல்லாவற்றையும் அவர் முதுகைப் பார்த்தபடியே சொன்னேன். முகத்தைப் பார்த்தால் முடியாது.

அவர் தண்ணீரை நிறுத்தினார். பிரஷ்ஷை உதறினார்.

"நான் எந்த வீட்டுலயாவது போய் ரேட் பேசிப் பாத்திருக்கியா?"

இல்லை. பேசுவது அம்மாதான். அப்பா வாசலில் நின்று சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"வீட்டுக்காரரு கலரு நல்லா இல்லன்னா, சரிங்கன்னு மறுபடி அடிச்சுட்டு வருவேன். இது ஸ்கூல் குடுத்தது இல்லம்மா. நான் குடுத்தது."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவர் பிரஷ்ஷை வெயிலில் வைத்தார்.

"படில உக்காந்து சாப்பிட்டாலும் வால்வைத் திறந்துட்டல்ல. அது நான் குடுத்தது இல்ல. அது உன்னோடது."

பிறகு, "சின்னது அவங்கம்மா வாய். எங்க போட்டாலும் பேசும். அவளையே கேட்டுடலாம்" என்றார்.

ஏப்ரல் 21

கேட்டோம். பாலத்துக்கு அந்தப் பக்கமாம். காரணம்: "அக்கா ஸ்கூலுக்குப் போனா எல்லா டீச்சரும் 'உங்கக்கா எவ்வளவு அமைதி'ன்னே ஆரம்பிப்பாங்க. என்னால முடியாதுப்பா."

நாங்கள் இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டது எதற்கு?

மே 18

சேர்த்துவிட்டோம். நான் போட்டது ஒரே நிபந்தனை, ரெஞ்ச் பிடிக்க என்னிடம் கற்றுக்கொள்ள வேண்டும். இன்று சமையலறைக் குழாயைக் கழற்றி மாட்டினாள். இப்போது முன்பைவிட அதிகமாகச் சொட்டுகிறது.

ஜூன் 19

காலைக் கூட்டத்தில் ஒரு வரி பேசினேன். இரண்டாம் தொட்டியின் மீட்டர் தப்பு காட்டுகிறது என்று. யாரும் மயங்கி விழவில்லை. போய்ப் பார்த்து, மீட்டரை மாற்றினார்கள்.

ஆகஸ்ட் 11

ரேடியோவின் பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பாவும் நானும் போனோம். வாத்தியார் எதிரே, பேசத் தெரியாத இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்.

சோதனைக்கூடத்தில் பையன்கள் ஒயரை இணைப்பார்கள், பெண்கள் அளவை எழுதுவார்கள். அங்கே அதுதான் பழக்கம். ரேடியோ நோட்டைப் பக்கத்துப் பையன் கையில் கொடுத்துவிட்டு ஒயரை வாங்கிக்கொண்டாளாம்.

"அவ கையெழுத்து முத்து முத்தா இருக்கேன்னுதாம்மா எழுதச் சொன்னேன்" என்றார் வாத்தியார். கோபம்கூட இல்லை, வருத்தம்தான்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்தார், பெயின்ட் சரியாக அடித்திருக்கிறார்களா என்று.

"சார், நான் பம்பு டெஸ்டிங்ல வேலை பாக்குறேன். அளவு எழுதுறதும் நான்தான், வால்வு திறக்கிறதும் நான்தான். ஒரு நாள் இவங்க, ஒரு நாள் அவங்கன்னு மாத்தி விடுங்களேன்."

குரல் நடுங்கியது. ஆனால் கடைசி வார்த்தை வரை போனது.

வாத்தியார் மோவாயைத் தடவினார். "அதுவும் சரிதான். மாத்தி விடுறேன். அந்தப் பையன் எழுத்தை உக்காந்து படிக்கப் போறது நான்தான், பரவால்ல."

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார். நான் எப்படி நிமிர்ந்தேன், எப்படிச் சொன்னேன், வாத்தியார் எப்படி அசந்துபோனார் என்று சொல்லச் சொல்ல என் மூன்று வாக்கியம் மேடைப் பேச்சாகிவிட்டது. ரேடியோ நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"இரு. நான் பேசிக்கிட்டு இருக்கேன்ல" என்றார் அப்பா.