உங்கள் தெருவுக்கு எக்ஸ்ரே வண்டி வந்த நாள்

அக்கா,

இன்று காலை கும்மிடிப்பூண்டியில், உங்கள் தெருமுனையில் எக்ஸ்ரே வண்டி நின்றது. டீசல் வாடைக்குள் நீள வரிசை. "அக்கா இருந்திருந்தா இந்நேரம் எல்லாரையும் அதட்டிக்கினு டோக்கன் குடுத்திருக்கும்" என்றாள் உங்கள் தங்கை. எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

நீங்கள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கணக்கெடுத்த சுகாதாரப் பணியாளர். நான் திருவள்ளூர் அலுவலகத்தில் அதைக் கணினியில் ஏற்றி, எந்தத் தெருவில் நுரையீரல் நோய் அதிகம் என்று வரைபடம் போடுகிறவள். வரைபடத்தில் சிவப்பாக வரும் தெருவுக்குத்தான் வண்டி போகும். சின்னத் தெருவில் மூன்று பேருக்கு நோய் என்றால் அது தற்செயலாகவும் இருக்கலாம். அதனால் பேஸியன் என்ற புள்ளியியல் கணிப்பு அக்கம்பக்கத்து ஊர்களையும் பார்த்து, தெருவின் கணக்கை அவற்றின் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துவிடும். நல்ல முறைதான். எது அக்கம்பக்கம் என்பதில்தான் நான் கோட்டை விட்டேன். எல்லை தொட்டால் பக்கத்து ஊர் என்று எழுதிவைத்தேன். உங்களைச் சுற்றிலும் நெல் விளையும் ஊர்கள்; அங்கே இந்த நோய் குறைவு. உங்கள் தெருவும் நோய் குறைவு என்று பச்சையாக வந்தது.

பஸ் மாறி மாறி வந்து என் மேஜை முன்னால் நின்றீர்கள். "இன்னா மேடம், மூணு பேரு மூச்சு வாங்கிக்கினு கெடக்குறாங்க, நீங்க பச்சை அடிச்சிருக்கீங்க? சுத்தி இருக்கறவங்க நாத்து நடுறாங்க. நாங்க கல்லுத்தூள் கம்பெனியில தூளு துன்னவங்க. ரெண்டும் எப்படி ஒண்ணாவும்?"

பாதியில் இருமல் வந்து உங்களை நிறுத்தியது. இந்த வேலைக்கு வருமுன் நீங்களும் அங்கே மூட்டை கட்டியவர்தான். அது தெரிந்தும், "மூணு பேரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா" என்றேன். படித்த திமிர், வேறென்ன.

"ஒரு நாளாவது கம்பெனி வாசல்ல வந்து நின்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். உங்கள் சாவுக்கு வந்தபோதுதான் அந்த வாசலைப் பார்த்தேன். மரத்து இலையெல்லாம் வெள்ளை.

திரும்பி வந்து, எல்லையை விட்டுவிட்டு, ஒரே மாதிரி வேலை செய்யும் தெருக்களை அக்கம்பக்கமாகச் சேர்த்தேன். உங்கள் சாவையும் கணினியில் ஒரு வரியாக நானே ஏற்றினேன். தெரு சிவந்தது. வண்டிக்கு உத்தரவு வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

இன்று மத்தியானம் மனசு கேட்காமல், உங்கள் வரியை மட்டும் எடுத்துவிட்டுக் கணிப்பை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் சிவப்புதான். நீங்கள் வந்து நின்ற அன்றைக்கே அந்த மூன்று பேரே போதுமாக இருந்திருக்கிறது, அக்கா. இதை நான் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பேன்?