கோமளம் பேர் போட்ட தட்டு

என் செல்லச் செண்பகத்துக்கு,

நீ பாய் விரிக்கும் மூலையில் இன்னும் யாரும் படுப்பதில்லை. இனி அறையே காலியாகப் போகிறது. கம்பெனியில் நம் லைனை நிறுத்திவிட்டார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாக மூட்டை கட்டுகிறார்கள். நானும் இந்த வாரம் அறையைக் காலி செய்துவிட்டு என் ஊர் வத்தலக்குண்டுக்கே திரும்புகிறேன். எந்தச் செய்தி என்றாலும் உன்னிடம்தான் முதலில் சொல்ல வாய் வருகிறது. என்ன செய்ய, பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் துணி எடுக்கத் தாம்பரம் போனால், நீ என்னை ஒரகடம் காயலாங்கடைக்கு இழுத்துக்கொண்டு போவாய். சுற்றுப்பட்டில் வீடு இடித்தவர்கள் போட்டுவிட்டுப் போன பாத்திரக் குவியலில் உட்கார்ந்து, எதிலெல்லாம் பேர் வெட்டியிருக்கிறது என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பாய். கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

"எல்லாரும் ஓட்ட கீதான்னு பாப்பாங்கோ. நீ இன்னாம்மா பேர பாத்துகினு கீற?"

"ஓட்டைய அடைச்சுக்கிடலாம் அண்ணாச்சி. பேர எங்க போயி வாங்க?" என்பாய்.

அப்படிச் சேர்ந்ததுதான் நம் அலமாரி. 'கோலப் போட்டி இரண்டாம் பரிசு' என்று ஒரு சொம்பு. 'மாமா அன்பளிப்பு' என்று ஒரு டம்ளர். எந்த மாமா என்று கடைசிவரை தெரியவில்லை. 'குமாருக்கு' என்று மட்டும் வெட்டிய குட்டிக் கிண்ணம். அதில் பால்சோறு பிசைந்தபடி, "குமாரு இப்ப பெரியாளாயி, நம்ம சூப்பர்வைசர் மாதிரி எவளையாவது வெரட்டிக்கிட்டு இருப்பாம்ட்டி" என்றாய். எனக்குப் புரையேறிவிட்டது. ஓ.டி. பார்த்துக் கால் வீங்கி வந்தாலும், அலமாரியைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்துவிடும்.

எல்லாவற்றிலும் உனக்கு உசிரு, நடுவில் ஒடுங்கிய அந்தத் தட்டுதான். விளிம்பில் 'இரா. கோமளம்'. அறையில் நீ சோறு தின்றதெல்லாம் அதில்தான். பேரைத் தேய்த்துவிட்டு உன் பேரைப் போட்டுக்கொள்ளேன் என்று ஒருமுறை சொன்னேன்.

"சீ, அப்பம் கோமளம் எங்கட்டி போவா?" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டாய்.

காய்ச்சல் என்று ஊருக்குப் போனாய். சரியானதும் வந்துவிடுகிறேன் என்றாய். வந்தது உன் அம்மாவும் தம்பியும்தான். அன்று நான் ஷிஃப்டில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் உன் டிரங்குப் பெட்டி இல்லை. அலமாரி மட்டும் அப்படியே இருந்தது. வீட்டுக்கார அக்கா சொன்னாள்:

"அந்தம்மா ஒவ்வொண்ணா எட்த்து மவன படிக்கச் சொல்லிச்சு. ஒண்ணுலகூட அந்தப் பொண்ணு பேரு இல்ல. அடுத்தவங்க சாமான் நமக்கு வாணாம்னு வெச்சுட்டுப் பூட்ச்சு. நானும் மத்த பொண்ணுங்களுதுன்னுதான் நென்ச்சிகினேன்."

உன் அம்மாவைக் குறை சொல்ல முடியுமா? கல்யாண வீட்டில் பாத்திரம் மாறிப் போனால்கூடப் பேரைப் பார்த்துத்தானே திருப்பிக் கொடுக்கிறோம்? நேர்மையான மனுஷி. நீ ஆசை ஆசையாய்ச் சேர்த்ததை எல்லாம் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

போன வாரம் உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். உன் முதல் வருஷப் படையல் வருகிறதாம்.

"அவ தின்ன தட்டுல வச்சுப் படைக்கணும்னு ஆச, தாயி. இத்தன வருசம் அங்க கெடந்து ஒழச்ச புள்ள. சொந்தமா ஒரு தட்டு கூடவா இல்லாம இருந்துச்சு?" என்று அழுதார்.

நீ தட்டுக்குக்கூட வழியில்லாமல் கிடந்தாய் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறார், செண்பகம். இதை எப்படிப் போனில் விளக்குவேன்?

தட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பாத்திரக் கடைக்குப் போனேன். பழைய பேரைத் தேய்த்து எடுத்துவிடட்டுமா என்று பேர் வெட்டுகிறவர் கேட்டார். வேண்டாம், அதற்குக் கீழேயே செண்பகம் என்று வெட்டுங்கள் என்றேன்.

"ஒரே தட்டுல ரெண்டு பேரா? இவங்கோ உனுக்கு இன்னா வேணும்?"

"ரெண்டு பேருமே எனக்கு அக்கா."

அவர் தட்டைத் திருப்பிப் பிடித்து மெஷினைப் போட்டார். மெஷின் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது.

என் ஊருக்குப் போகும் முன், வெள்ளிக்கிழமை உன் ஊருக்குக் கோவில்பட்டி பஸ் ஏறுகிறேன். படையலுக்கு முன்னால் தட்டை உன் அம்மா மடியில் வைத்து, தம்பியை வாசிக்கச் சொல்வேன். குமாரையும் மாமாவையும் கோலக்காரியையும் கூடவே கொண்டுபோகிறேன். உங்கள் பிள்ளை இத்தனை பேரோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டாள், சிரித்துக்கொண்டேதான் சாப்பிட்டாள் என்று சொல்வேன். இது சத்தியம்.

நம் காலமெல்லாம் முடிந்த பிறகு, அந்தத் தட்டு மறுபடியும் ஏதாவது காயலாங்கடைக்குப் போகும். போகட்டும். பேர் பார்க்கிற கிறுக்கி ஒருத்தி அங்கே வராமலா போவாள்?

பேர் வெட்டுகிறவரிடம் சொன்னபடி,
உன் தங்கச்சி,
மாலா