கீறல் விட்ட பெட்டியில் மரு

நீ இருந்தே. நான் இருந்தேன். சூளை அடுக்குற அந்தோணி அண்ணன் இருந்தாரு. உன் நாத்தனா செண்பகம் இருந்தா. அன்னிக்குப் பொம்மைக் களத்துல வேற ஆளு இல்ல. இன்னிக்குக் காலையில விரல்ல ஏறுன மரு வாசனை அத்தனை பேரையும் கொண்டாந்து என் முன்னால நிறுத்திடுச்சி. ஆமாம்டி, உன் மருச்செடி துளிர்த்துடுச்சி!

ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போயிட்டு அப்படியே வேலைக்கு வந்திருந்தே. பொம்மைக்கு வர்ணம் பூச உட்கார்ந்தவ, தலையில இருந்த கதம்பத்தைப் பிரிச்சி ஒரு மருக்காம்பை உருவினே. “இதை வளர்த்து என் பொண்ணு கல்யாண மாலையில வைக்கப் போறேன்”னே. பொண்ணு அப்ப நடக்கக்கூடப் பழகல.

செண்பகம் சிரிச்சா. “வாடுன பூவுலேர்ந்து தோட்டம் போடுறியா அண்ணி?”

“நடட்டும் வுடும்மா. உன் கொழம்பைவிட வாசனையா இருக்கும்”னாரு அந்தோணி அண்ணன். சாமான் அடுக்கிச் சூளைக்குள்ள வைக்கிற மண்பெட்டி ஒண்ணு கீறல் விட்டுக் கெடந்தது. அதை அவரே தூக்கிக் கொடுத்தாரு.

அடியில நீ பளபளப்பு பூசாத உடைஞ்ச ஓட்டுத் துண்டுங்களைப் பரப்பினே. “மிச்சத் தண்ணியை இது குடிச்சிக்கும், வேரு அழுவாது.” உங்க வூட்டு மொட்டை மாடியில, நாளெல்லாம் வெயிலு காயுற மூலையில வச்சே. விரலை விட்டுப் பார்த்து, மண்ணு காஞ்சாத்தான் தண்ணி. நுனி கொஞ்சம் தலை தூக்குனா கிள்ளிடுவே. “உசந்து நின்னு எவனைப் பார்க்கப் போவுது? பரவட்டும்.” வருசா வருசம் பாய் விரிச்ச மாதிரி பரவிச்சி.

நீ கண்ணை மூடுன பொறவு அந்தப் பெட்டியைக் கேட்டேன். “எங்க அண்ணி செடி, எங்க வூட்லதான் இருக்கும்”னு சொல்லிட்டா செண்பகம். வெறுங்கையோட வந்தேன்.

போன மாசம் உன் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். உங்க வூட்டுக்குப் போனா, டிவி பக்கத்துல வழவழன்னு ஊறுகாய் ஜாடி. அதுக்குள்ள உன் மரு, தண்டெல்லாம் கறுத்து, சேத்து நாத்தம் அடிக்குது.

“பெட்டி அசிங்கமா இருந்துதுக்கா. ஜாடியைப் பாருங்க, நல்ல சரக்கு. காலையும் மாலையும் தண்ணி ஊத்துறேன்”னா செண்பகம்.

“தண்ணி வடிய ஓட்டை எங்கடி?”

“ஊறுகாய் ஜாடியில யாராவது ஓட்டை போடுவாங்களா?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஜாடியைத் தூக்கிப் போட்டிருப்பேன். நல்ல காரியம் நடக்குற வூடாச்சே. ஒரே ஒரு நுனி மட்டும் பச்சையா இருந்தது. யாரையும் கேட்கல. கிள்ளி இடுப்புல சொருவிக்கிட்டேன். கொல்லையில கெடந்த நம்ம பெட்டியையும் தூக்கி ஆட்டோவுல போட்டாந்து, அதுலயே நட்டேன்.

“பெரியம்மா, புடிச்சிடுமா?”ன்னு உன் பொண்ணு போன்ல கேட்டுக்கிட்டே இருந்தா. புடிக்கலன்னா உன் செடின்னு சொல்ல ஒரு இலைகூட மிச்சமில்ல. என்னான்னு சொல்றது? இன்னிக்குப் பார்க்குறேன், கணுவுக்குக் கணு பச்சை! போன்ல சொன்னதும், பஸ்ஸுல போயிட்டிருந்தவ போட்ட சத்தத்துல அந்த பஸ்ஸே திரும்பிப் பார்த்திருக்கும்.

தையில கல்யாணம். ஐப்பசி மழையில நனையாம வச்சிட்டா போதும், மாலைக்குத் தாராளமா வரும். நீ கிள்ளுன மாதிரியே கிள்ளுறேன், அந்தக் கை எனக்கு வந்துடுச்சி. அத்தைக்காரி வெறுந்தலையா நிக்கக் கூடாதுன்னு செண்பகத்துக்கும் ஒரு கொழுந்து வச்சி விடுவேன்.

வச்சி விடுவேன், அவ்வளவுதான். மன்னிக்க மாட்டேன், அந்தச் செண்பகத்தை.