குஞ்சம் வைத்த மஞ்சள் கொடி

சத்வா, துபாய்
18.2.2007

அன்பு மருமகன் ராஜிக்குக்கு,

உன் மாமா கௌஸ் முகைதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் என் தையல் மெஷினும் சுகம். அங்கே நீயும் உன் உம்மா, என் ராத்தா பத்ருன்னிசாவும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். போனில் பேசினால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் கார்டு தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

விசா கிடைக்காமல் நீ சென்னையில் நின்றுவிட்டாய். பரவாயில்லை, நீ மாட்டின இன்ஜின் வந்ததே. வெள்ளிக்கிழமை ரேஸில் இருபது கார் ஓடியது. உன் இன்ஜின் சத்தத்தை நான் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிட்டேன்.

மாமா லீவு நாளெல்லாம் ட்ராக்கில் மார்ஷல் என்பது உனக்குத் தெரியும். சம்பளம் கிடையாது. ஒரு தொப்பி, ஒரு சாப்பாடு. ஆனால் மரியாதையைப் பார். வளைவில் ஏதாவது கார் சுற்றி நின்றுவிட்டால் நான் மஞ்சள் கொடியை ஆட்டுவேன். ஆட்டிவிட்டால் எந்தக் கொம்பனும் முன்னால் போகிறவனை முந்தக் கூடாது. கோடி ரூபாய்க் காரெல்லாம் ஐந்தாம் வகுப்போடு நின்ற என் கைக்குக் கட்டுப்பட்டது.

அவர்கள் கொடுத்த கொடி ஓரம் பிரிந்து கிடந்தது. அதைப் பிடித்து நின்றால் சத்வாவில் என் பேர் என்னாவது? ரூமுக்குக் கொண்டுவந்து ஓரம் அடித்து, மூலையில் தங்க நிறக் குஞ்சம் ஒன்று வைத்தேன். மாப்பிள்ளை ஷெர்வானிக்கு வைக்கிற குஞ்சம். எங்கள் வளைவுக்குத் தலைவரான வெள்ளைக்காரர் பார்த்துவிட்டு, "வெரி நைஸ், கௌஸ்" என்றார்.

முடிய இரண்டு சுற்று இருக்கும்போது ஒரு பச்சைக் கார் சுற்றி மணலில் இறங்கியது. நான் கொடியை எடுக்கிறேன், குஞ்சம் கம்பி வேலியில் சிக்கிக்கொண்டது. இழுத்தால் வருமா? என் தையல் அல்லவா. நான் அதை விடுவிப்பதற்குள் உங்கள் காரை ஓட்டுகிற அருள்ராஜ், முன்னால் போன சிவப்புக் காரை முந்திக்கொண்டு பறந்துவிட்டான். அதற்குப் பிறகு தூக்கினேன் பார் கொடியை, ட்ராக்கே அடங்கிவிட்டது.

அருள்ராஜ் முதலாவதாக வந்தான். ரேஸ் பார்க்க வந்திருந்த ஷேக் இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "உன் கொடியைப் போல இந்த நாட்டிலேயே கொடி இல்லை" என்றார். அரபியில்தான் சொன்னார். எனக்குப் புரிந்தது.

துஆவுடன்,
மாமா


சென்னை
2.3.2007

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா நலம். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

நீங்கள் அன்று ட்ராக்கை விட்டுப் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. மஞ்சள் கொடி ஆடும்போது முந்தினார் என்று அருள்ராஜ் அண்ணனுக்கு இருபத்தைந்து வினாடி தண்டனை போட்டுவிட்டார்கள். முதலிடம் போய் ஆறாமிடம். உங்கள் வளைவின் தலைவர்தான் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். காருக்குள் இருந்த கேமராவில் புழுதிதான் தெரிகிறது. டிவி படத்தில் அந்த இடமே இல்லை.

எங்கள் முதலாளி ஸ்ரீனிவாசன் சார் மேல்முறையீடு செய்திருக்கிறார். அதில் தோற்றால் டயர் கம்பெனி ஆதரவை நிறுத்திவிடும். பிறகு ஷெட்டை மூடுவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான் மாமா.

கொடி பிடித்தவரைச் சாட்சியாகக் கூப்பிடப்போகிறார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: குஞ்சம் வேலியில் சிக்கியது, கார் போன பிறகுதான் கொடி ஏறியது. இவ்வளவு போதும். இதற்கு மேல் ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தையே காட்டிவிடலாமே என்றேன். சார் வாங்கிப் படித்தார். "இதே பக்கத்துல ஷேக் கட்டிப்பிடிச்சதும் இருக்கேப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்படிக்கு,
ராஜிக்


சத்வா, துபாய்
25.3.2007

அன்பு மருமகனே,

கவலையை விடு. மாமா போய்ச் சொல்லியாகிவிட்டது.

பெரிய ஹோட்டல். வாசலில் நின்றவன் எனக்குக் கதவைத் திறந்துவிட்டான். புதுச் சட்டை தைத்துப் போட்டிருந்தேன், தலையில் மார்ஷல் தொப்பி. நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று நடுவர்கள். நான் நுழைந்ததும் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். இந்தப் பக்கம் உங்கள் ஸ்ரீனிவாசன் சார். அந்தப் பக்கம் எங்கள் வெள்ளைக்காரரும், என்னோடு கொடி பிடிக்கிற ஆட்கள் பத்துப் பேரும்.

மொழிபெயர்க்க மாயாண்டி என்று ஒரு பரமக்குடிக்காரரைப் போட்டிருந்தார்கள். நல்ல மனிதர். நடுவில் இருந்த நடுவர் ஏதோ நீளமாகக் கேட்டார்.

மாயாண்டி சொன்னார், "கார் சுத்தி நின்னதுக்கும் நீங்க கொடி தூக்குனதுக்கும் நடுவுல தாமதமாச்சான்னு கேக்குறாங்கண்ணே."

தாமதமா? என்னையா? நீயே சொல் ராஜிக், கூட வேலை செய்கிற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது குஞ்சம் மாட்டிக்கொண்டது என்றா ஆரம்பிப்பது? தொப்பிக்கு ஒரு மதிப்பில்லையா? நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தாமதமா? கார் சுத்துறதுக்கு முந்தியே நம்ம கொடி மேல நிக்கும்னு சொல்லுங்க தம்பி."

மாயாண்டி என்னைப் பார்த்தார். "அப்படியே சொல்லிரவாண்ணே?"

"அப்படியே சொல்லுங்க."

சொன்னார். மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள். என் பேச்சை மூன்று நடுவர்கள் எழுதிக்கொண்டதை நீ பார்த்திருக்க வேண்டும். ஸ்ரீனிவாசன் சார் தலையைக் குனிந்துகொண்டார், கண் கலங்கியிருக்கும். குஞ்சத்தை அடுத்த கேள்வியில் பக்குவமாக நுழைக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் தேங்க்யூ என்றுவிட்டார்கள்.

எனக்குப் பிறகு யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவ்வளவு பலமான சாட்சி. தீர்ப்பு நம் பக்கம்தான், இன்ஷா அல்லாஹ். ராத்தாவிடம் சொல்.

துஆவுடன்,
மாமா


சென்னை
20.4.2007

மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

தீர்ப்பின் நகல் வந்தது. 'தாமதம் ஏதும் இல்லை என்று கொடி பிடித்தவரே உறுதியாகக் கூறியதால்' என்று போட்டிருக்கிறது. தண்டனை நிற்கும்.

ஷெட்டைப் போன வாரம் மூடினோம். இன்ஜினைக் கழற்றி விற்றாகிவிட்டது. அருள்ராஜ் அண்ணன் அவருடைய அப்பாவின் கடையில் உட்காருகிறார்.

எனக்குச் சவூதியில், ஜுபைலில் வேலை. ஃபோர்க்லிஃப்ட் ரிப்பேர், கேம்ப்பில் தங்கல். துபாயில் இறங்கி விமானம் மாற வேண்டும். நீங்கள் ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம்.

உங்கள் போன கடிதத்தை உம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. தபாலில் தொலைந்துவிட்டது என்று சொன்னேன். இந்தக் குடும்பத்தில் நானும் கதை கட்டக் கற்றுக்கொண்டேன்.

எனக்கு எழுதும்போது அவ்வளவு லேசாக வந்த உண்மை அங்கே ஏன் வரவில்லை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அதற்கும் நீங்கள் ஒரு கதை எழுதுவீர்கள்.

ராஜிக்


சத்வா, துபாய்
8.6.2007

ராஜிக்குக்கு,

உன் கேம்ப் முகவரியை ராத்தாவிடம் கேட்டு வாங்கினேன்.

ட்ராக் ஆபீசுக்குப் போனேன். மாயாண்டியையும் கூட்டிக்கொண்டு போனேன். முடிந்த விஷயம், திறக்க முடியாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். கதவை யாரும் திறந்துவிடவில்லை. தொப்பியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அங்கே சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

குஞ்சம் வேலியில் சிக்கியது. கார் போய்விட்டது. பிறகுதான் கொடி ஏறியது.

அந்த வெள்ளிக்கிழமை ஷேக் வரவில்லை.

மாமா