வீட்டில் படித்த நேரம்: ஐந்து

இன்று சாயங்காலம் பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாசுக்குள் நுழைந்ததும் தைல வாடை மூக்கில் ஏறியது. நாற்பது பிள்ளைகள், சாத்திய ஜன்னல்கள், கழுவாத சாப்பாட்டு டப்பாக்களின் புளிச்ச நாற்றம், அதற்கெல்லாம் மேலே தைலம். முதல் பெஞ்சுப் பெண் அதைக் கண்ணுக்குக் கீழே தடவிக்கொண்டு நீர் வழிய உட்கார்ந்திருந்தாள். தலைவலியா என்று கேட்டேன். இல்லை மிஸ், தூக்கம் வராமல் இருக்கத்தான் என்றாள். பக்கத்துப் பெண் கையை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டாள். என் கண்ணும் எரிந்தது. குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். நீ இருந்திருந்தால் அந்த டப்பாவைப் பிடுங்கி, சுவரைத் தாண்டி ரோட்டில் விழுகிற மாதிரி எறிந்திருப்பாய். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் இந்தப் பள்ளியில் சேர்ந்தோம். நீ கணக்கு, நான் அறிவியல். இருபது வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். சின்ன வயதில் என் வீட்டில் கூடத்துக்கு ஒரு கடிகாரம், சமையல்கட்டுக்கு ஒரு கடிகாரம். உன் வீட்டில் கடிகாரமே கிடையாது. உன் அம்மா நாற்று நட்டு, களை பறித்து உன்னைப் படிக்க வைத்தவள். பள்ளிவிட்டு வந்து நீயும் கழனியில் இறங்கிவிட்டு, மீந்த இரண்டு மணி நேரத்தில் படித்ததுதான். எட்டு மணி நேரம் முக்கி முக்கிப் படித்த என்னைவிட உனக்குத்தான் மார்க் அதிகம். இதை நீ சொல்லிக்காட்டியதே இல்லை. நானாகச் சொன்னால், "உனக்கு உக்கார எடம் இருந்துச்சி, உக்காந்த" என்பாய்.

அந்த ரோஸ் அட்டை வந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? ஏதோ கூட்டத்துக்குப் போய்வந்த எச்.எம். அந்த யோசனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். 'வீட்டில் படித்த நேரம்' என்று ஒரு கட்டம், பக்கத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கட்டம். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பத்தாம் வகுப்புக்கு நான்தான் கிளாஸ் டீச்சர், அட்டையை வாங்கிச் சரிபார்ப்பது என் வேலை. ஸ்டாஃப் ரூம் பலகையில் நீ கணக்குப் போட்டாய். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை பள்ளியில் பத்து. வீட்டில் ஐந்து. தூங்க எட்டு. பஸ்ஸுக்கு ஒன்று. மீதி சைபர். "சோறு துன்றது, குளிக்கிறது, வெளிக்குப் போறது அல்லாம் இந்த சைபர்லதான்" என்றாய். எல்லோரும் சிரித்தோம், நான் போய் அட்டைகளை அச்சுக்குக் கொடுத்தேன்.

ஆறாவது வாரம் சங்கீதாவின் அட்டையைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்தது. இன்னும் வராத நாட்களுக்கும் சேர்த்து மாதம் முழுக்க ஐந்து, ஐந்து, ஐந்து. எல்லாவற்றிலும் அவள் அம்மாவின் கையெழுத்து, ஒரே பேனா, ஒரே சாய்மானம். வீட்டுக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று நான் கிளம்பியபோது நீயும் கூட வந்தாய். உத்திரமேரூரிலிருந்து பஸ் பிடித்து இறங்கி, ஏரிக்கரையோடு நடந்தோம். தெருமுனையிலேயே அவள் குரல் கேட்டது. முக்கோணத் தேற்றத்தைக் கத்திக்கொண்டிருந்தாள். நம் பக்கத்தில் படிப்பு என்றால் சத்தம்தான். சத்தம் நின்றால் பிள்ளை படிக்கவில்லை. அவள் அப்பா வாசலில் உட்கார்ந்து காது கொடுத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனால் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். தேற்றம் முடிந்து அதே மூச்சில் "படம் நான்கு புள்ளி இரண்டைப் பார்க்க" என்றாள். படத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வரிக்குப் போனாள், மறுபடி "படம் நான்கு புள்ளி இரண்டைப் பார்க்க". நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உன் முகம் கடுத்துவிட்டது. புத்தகத்தை மெல்ல வாங்கி மூடி, இந்த வூட்டுக் கூரையில் முக்கோணம் எங்கே கீது காட்டு என்றாய். அவள் விழித்தாள். பயத்தில் மறுபடி ஒப்பிக்க ஆரம்பித்தாள்.

கையெழுத்துச் சமாசாரத்தை அவள் அம்மாவே எந்தக் கள்ளமும் இல்லாமல் சொன்னாள். "காத்தால நடவுக்குப் பூடுவம்மா. தெனம் போட எங்க நேரம்? ஞாயித்துக்கெயம ஒக்காந்து அல்லாத்துக்கும் ஒரேமுட்டா போட்டுட்டேன். டீச்சரு அஞ்சுதான போடச் சொன்னாங்க. தப்பாம்மா?"

அந்த அம்மாவுக்குத் தன் பேர் எழுதத் தெரியும், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் கேட்டதை முன்கூட்டியே கொடுத்துவிட்டோம் என்று பெருமையாகக்கூட இருந்திருக்கும். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு மணி நேரம் போதும் அக்கா, அப்புறம் தூங்கட்டும் என்றாய். அந்த அம்மா உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "அரிசிய அஞ்சு மணி நேரம் அடுப்புல வெச்சா சோறாவாதுடி. கரியாவும்."

அரையாண்டுத் தேர்வில் சங்கீதா கணக்கில் ஃபெயில். நூறு சதவீத ரிசல்ட் என்று கேட்டில் பெரிய பேனர் கட்டுகிற பள்ளி இது. தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளை முன்னாடியே வெளியே தள்ளிவிட்டால் சதவீதம் தானாக நூறு ஆகிவிடும். இதைத் திறமை என்று சொல்லி மேடையில் சால்வை போர்த்திக்கொள்கிறார்கள். அந்தச் சால்வையை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசுகிறது. சங்கீதாவை அனுப்ப ஒரு காரணம் தேவைப்பட்டது. பொய்யாக நிரப்பிய அட்டை காரணமாகிவிட்டது. டி.சி.யை வாங்கிக்கொண்டு அந்த அம்மா, "கூட ரெண்டு போட்டிருக்கணுமா?" என்று கேட்டாள். ஐந்துக்குப் பதில் ஏழு எழுதியிருந்தால் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பார்களோ என்று அவளுக்குச் சந்தேகம்.

நீ எச்.எம். அறைக்குள் போய்ப் போட்ட சத்தம் விளையாட்டு மைதானம் வரை கேட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அன்றிலிருந்து சங்கீதாவை உன் வீட்டுக்கு வரவழைத்தாய். தினம் இரண்டே மணி நேரம். முதல் பத்து நாள் வாயைத் திறந்து படிக்கவே விடவில்லை. வரையச் சொன்னாய், வெட்டச் சொன்னாய், அளக்கச் சொன்னாய். ஏழு மணிக்குமேல் ஒரு நிமிஷம் உட்கார்ந்தாலும் துரத்திவிட்டாய். தனியாகத் தேர்வு எழுதிப் பாஸ் செய்தாள். பெரிய மார்க் இல்லை, பாஸ். இப்போது காஞ்சிபுரத்தில் நர்சிங் படிக்கிறாள்.

உன் சாவுக்கு அவள் வந்திருந்தாள். அழுது முடித்துவிட்டு என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்னிக்கு நீங்களும் எனக்காகப் பேசினீங்கன்னு மிஸ் சொன்னாங்க என்றாள்.

நீ அப்படித்தான் நம்பியிருந்தாய். எச்.எம். தானாகவே பீரோவைக் குடைந்து அட்டையை எடுத்தார் என்று என்னிடமே அவரைத் திட்டினாய். "மனுசனாடி இவன்?" என்றாய். நான் தலையை ஆட்டிக்கொண்டு சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். அட்டையைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்தது நான். கட்டங்களைச் சிவப்பு மையில் சுழித்துக் காட்டியதும் நான். அவர் கேட்கக்கூட இல்லை. வேலையில் கெட்டிக்காரி என்று பேர் வாங்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். நீ ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் தினம் வந்தேன், தினம் சொல்ல நினைத்தேன், கஞ்சியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். இப்போது எழுதுகிறேன். நீ படிக்க மாட்டாய் என்று தெரிந்த பிறகு வருகிற இந்தத் தைரியம் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

ரோஸ் அட்டை போய்விட்டது, இப்போது வாட்ஸ்அப் குரூப். பிள்ளை படிப்பதைப் பெற்றோர் தினம் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். இன்று எச்.எம். கூப்பிட்டார், இவர் புதியவர், குரூப்பில் இல்லாதவர். ஒரு வீட்டிலிருந்து நாலு நாளாக ஒரே போட்டோ வருகிறதாமே, யார் அது என்று கேட்டார். எனக்குத் தெரியும். அதே ஊதாச் சட்டை, அதே சுவர், அதே பக்கம் திறந்த புத்தகம். அந்தப் பெண்ணின் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். பேர் நாக்கு நுனியில் இருந்தது.

தெரியாது சார் என்றேன்.

வெளியே வரும்போது ஏதோ சாதித்தவள் மாதிரி நிமிர்ந்து நடந்தேன். படியிறங்குவதற்குள் நீ என்ன கேட்டிருப்பாய் என்று தெரிந்துவிட்டது. "தெரியாதுன்னு ஏன்டி சொன்ன? இப்டி போட்டோ கேக்கறதே தப்புன்னு சொல்றதுக்கு இன்னா?"

இருபது வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும், அந்த ஒரு சொல் எனக்கு இன்னும் வாயில் வரவில்லை.