நான் கிள்ளி எறிந்த இலை

என் பொல்லாத தங்கச்சி கோகிலாவுக்கு,

போன கிழமை பட்டிப்பொலயில் விடாத மழை, மூட்டம். சுற்றிலும் இருந்த உருளைக்கிழங்குச் செடியெல்லாம் கருகல் நோய் வந்து சாய்ந்துவிட்டது. நீ உருவாக்கிய புது இனம் நிற்கும் நம் பாத்தி மட்டும் பச்சையாக நிற்கிறது. எல்லோரும் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். எனக்கு உன்மேல் எரிச்சல்தான் வந்தது.

சிரிக்காதே. நீ கேம்பஸ் போனாய், நான் ஏ.எல். பரீட்சையோடு படிப்பை நிறுத்தினேன். ஒரே ஆய்வு நிலையத்தில் நீ ஆராய்ச்சிக்காரி, நான் செடிச் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள். பொறாமை வராமல் என்ன வரும்?

அந்தக் காலை ஞாபகம் இருக்கிறதா? கருகல் கிருமியின் புரதம் ஒன்றைக் காட்டு உருளைச் செடிகளின் இலைகளில் செலுத்தியிருந்தாய். அதை அடையாளம் காணும் மரபணு எந்தச் செடியில் இருக்கிறதோ, அதன் இலை அந்த இடத்தில் மட்டும் தானாகச் செத்துக் கறுக்கும். அந்தச் செடியை நம் கிழங்கோடு கலப்புச் செய்தால் கருகலைத் தாங்கும் இனம் கிடைக்கும் என்று எனக்கும் சொல்லித்தான் இருந்தாய். ஆனால் கறுப்பு வட்டத்தைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் அம்மாவோடு கருகல் இலை கிள்ளிய கைதானே. கிள்ளி எறிந்துவிட்டு, "மாற்றம் இல்லை" என்று எழுதியும் வைத்தேன்.

நீ குப்பை வாளிக்குள் கைவிட்டு அதை எடுத்தாய்.

"ஐயோ அக்கா, இத ஏன் கிள்ளுன?"

"கருகிப் போச்சுல்ல, மத்ததுக்கும் பரவிரும்."

"லூசு அக்கா! கருகுனதத்தான நாம தேடிக்கிட்டு இருக்கோம்!"

நிலையத்துப் பெரிய அதிகாரி சேரிடம் என் தவறை நீ சொல்லவே இல்லை. எல்லோரும் உன்னைக் கொண்டாடினார்கள். காட்டிக் கொடுத்திருந்தால் உன்னை வெறுத்தாவது இருப்பேன். அதற்கும் வழி வைக்காமல், ஒரு காய்ச்சலில் போய்விட்டாய். ஏன்டி அப்படிப் போனாய்?

இப்போது கேள். இன்று அறிக்கைக்காக சேர் கேட்டார்: "அந்த வட்டத்த மொதல்ல பார்த்தது யாரு?"

"நாங்க ரெண்டு பேருந்தான் சேர்" என்று சொல்லிவிட்டேன். வாய் கூசவில்லை. உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்தபிறகுதான் சோறு இறங்கவில்லை. செத்தவளிடம் போய்ப் பிடுங்கித் தின்கிறேனே என்று அழுதேன்.

நாளைக் காலை சேரிடம் போவேன். கிள்ளி எறிந்தவள் நான், எடுத்தவள் நீ என்று சொல்வேன். என் பெயரை அவர் வெட்டும்வரை அங்கேயே நிற்பேன். இது சத்தியம்.

ஆனால் ஒன்று. அந்தப் பாத்தியின் முதல் கிழங்கைத் தோண்டி, அவித்து, உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்னப்போவது நான்தான். உனக்கு ஒரு துண்டும் கிடையாது. அதைப் பார்த்து இந்த ஒரு தடவையாவது நீ பொறாமைப்படு, கோகி. எழுந்து வந்து என் தட்டைப் பிடுங்கேன்.

குப்பை வாளியை இப்போதும் இரண்டு முறை பார்த்துவிட்டே கொட்டும்,
உன் லூசு அக்கா